தோளுக்குப் பின்னால் ஒரு கண்: இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஆட்டிசப் பெண்களும் நுண்மேலாண்மையும்

1. களமும் கேள்வியும்

திருவண்ணாமலை என்றதும் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அருணாசலம்தான் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இன்னொரு திருவண்ணாமலை உண்டு. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி ஒரு குன்று. மேலே சீனிவாசப் பெருமாள். தென்திருப்பதி என்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் படிக்கட்டில் கால் வைக்க இடமிருக்காது. அந்த வரிசையில் நிற்கிற பெண்களில் பலர் வாரத்தின் மற்ற நாள்களை ஏதாவதொரு மேற்பார்வையாளரின் கண்ணெதிரே கழிப்பவர்கள்.

இராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பிறகு இது நூற்பாலை வட்டாரமாகவே வளர்ந்தது. சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி. தளவாய்புரத்தில் நைட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. கிழக்கே சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும். இவற்றில் பெரும்பாலானவை பெண்களின் விரல்களை நம்பி ஓடுபவை. விரல்கள் வேலை செய்யும் இடத்தில் அவற்றுக்கு மேலே ஒரு கண்ணும் இருக்கும்.

அந்தப் பெண் ஆட்டிசம் உள்ளவராக இருந்து, அது அவருக்கே தெரியாமலும் இருந்தால், அந்தக் கண் அவரை என்ன செய்கிறது? இக்கட்டுரையின் கேள்வி இதுதான். ஆட்டிசம் குறித்தும் பணியிடக் கட்டுப்பாடு குறித்தும் வெளிவந்துள்ள ஆய்வுகளையும், இந்த ஊர்த் தொழில்கள் நடக்கும் விதத்தையும், சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே விடை தேடுகிறேன்.

2. சொற்கள்

நுண்மேலாண்மை என்பது பாடநூல் சொல். ஐ.டி. கம்பெனியில் மைக்ரோமேனேஜ்மென்ட் என்பார்கள். நம் பக்கத்தில் இரண்டும் புழக்கத்தில் இல்லை. ‘அந்த ஆளு ஒரே குடைச்சல் குடுக்கான்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். காதுக்குள் ஏதோ புகுந்து குடைவது போன்ற தொல்லை என்று பொருள். பாடநூல் சொல்லைவிட இது துல்லியமானது.

விதியும் குடைச்சலும் ஒன்றல்ல. ‘ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் இவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்’ என்பது விதி. ‘ஏன் இப்படிப் பிடிக்கிறே? அந்தக் கையால பிடி. இல்ல, முன்னாடி மாதிரியே பிடி’ என்பது குடைச்சல். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. சொல்ல வேண்டியதை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட முடிந்தால் அது விதி. ஒரு ஆள் வந்து நின்றுதான் சொல்ல முடியும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்ல முடியும் என்றால் அது குடைச்சல். ஆட்டிசம் உள்ளவர்களில் மிகப் பலருக்கு முன்னது வரம். பின்னது அவர்களை நோய்க்குத் தள்ளுகிறது. இரண்டுக்கும் ‘கண்டிப்பு’ என்று நாம் ஒரே பெயர் வைத்திருப்பதால் வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆட்டிசத்துக்கும் தமிழில் சரியான பெயர் அமையவில்லை. மதியிறுக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். மதிக்கு அங்கே இறுக்கம் எதுவும் இல்லை. அரசு வழக்கில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்ற தொடரையும் பார்க்கலாம். டியூப்லைட்டின் முனகலும் பக்கத்து மிஷினின் தாளமும் யாரோ தலையில் வைத்த மல்லிகையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் மூளைக்குள் வந்து விழுகிற ஒருவரைப் புற உலகம் தெரியாதவர் என்பது விந்தையிலும் விந்தை. எனவே இங்கே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

3. பெண் ஏன் கணக்கில் வரவில்லை

1943இல் அமெரிக்காவில் லியோ கானர் ஆட்டிசம் பற்றிய தம் முதல் கட்டுரையில் விவரித்த 11 குழந்தைகளில் 3 பேர்தான் சிறுமிகள். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியது முழுக்கச் சிறுவர்களைப் பற்றி. இருவருக்கும் முன்பே, 1925இல், சோவியத் மருத்துவர் குரூனியா சுகரேவா இதே தன்மைகளைச் சிறுவர்களிடம் பதிவு செய்து, பின்னர் சிறுமிகளைப் பற்றியும் எழுதியிருந்தார். அவரை உலகம் வெகுகாலம் படிக்கவில்லை. நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்ற விகிதம் மருத்துவப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. 2017இல் லூம்ஸும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, விகிதம் மூன்றுக்கு ஒன்றுக்கு அருகே இருக்கக்கூடும், பெண்கள் கண்டறியப்படாமல் விடுபடுகிறார்கள் என்று காட்டினர்.

விடுபடுவதற்கு முதன்மையான காரணம் மறைத்தல். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து எப்போது சிரிப்பது, எத்தனை நொடி கண்ணைப் பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டு ‘சாதாரணமாக’ நடந்துகொள்வது. லாரா ஹல் குழுவினர் இதை அளக்க ஒரு வினாப்பட்டியலே உருவாக்கினார்கள். ஆட்டிசப் பெண்கள் ஆட்டிச ஆண்களைவிடக் கூடுதலாக மறைக்கிறார்கள் என்பது அதன்வழி தெரியவந்தது. மறைத்தலுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பிருப்பதை 2018இல் சாரா காசிடி குழுவினரின் ஆய்வு காட்டியது.

இங்கே நம் வீட்டு விஷயம் ஒன்று குறுக்கே வருகிறது. மேலைநாட்டுச் சிறுமி மறைப்பதற்குத் தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் சிறுமிக்கு அதை வீடே பாடமாக நடத்திவிடுகிறது. குனிந்த தலை, அதிர்ந்து பேசாத வாய், கேட்டால் மட்டும் பதில், விருந்தாளி வந்தால் உள்ளறை. கண்ணைப் பார்த்துப் பேசாத பையனை டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். கண்ணைப் பார்த்துப் பேசாத பெண்ணை ‘அடக்கமான பிள்ளை’ என்று சம்பந்தி வீட்டில் பெருமையாகச் சொல்கிறோம். ஆட்டிசத்தின் ஒரு அறிகுறியே நற்குணச் சான்றிதழாகிவிட்ட ஊரில் அதைக் கண்டுபிடிப்பது யார்?

அப்படிக் கண்டறியப்படாமல் வளர்ந்த பெண்தான் பதினெட்டு முடிந்ததும் வேலைக்கு வருகிறார்.

4. தையல் மேசையில் ஒரு காலை

ஒரு காட்சியை அமைத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, வேலை கற்பனை அல்ல.

நைட்டி தைக்கும் ஒரு சின்ன யூனிட். இருபது மிஷின்கள். நம் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. காலையில் ஒரு கட்டு வெட்டுத்துணி அவர் பக்கத்தில் வைக்கப்படுகிறது. அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் கட்டிலுள்ள எல்லா நைட்டிக்கும் தோளை மட்டும் சேர்ப்பார். பிறகு எல்லாவற்றுக்கும் கை. பிறகு பக்கவாட்டு. கடைசியில் கீழ்மடிப்பு. கைக்கு ஒரே அசைவு பழகிவிடும். மனதும் அந்த ஒரே தடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். மதியம் வரை ஒரு நைட்டிகூட முழுசாக இருக்காது. மாலையில் கட்டு மொத்தமும் ஒரேயடியாக முடிந்திருக்கும்.

பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் அக்கா வந்து பின்னால் நிற்கிறார்.

‘எத்தன முடிச்சேம்மா?’

‘ஒண்ணும் முடியலக்கா.’

அது உண்மை. முப்பது நைட்டிக்குத் தோள் சேர்த்தாயிற்று, முடிந்தது எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்கு அட்சரம் பிசகாத பதில்.

‘காலையிலருந்து உக்காந்து ஒண்ணுமே முடிக்கலயா? வெளையாடுறியா? ஒவ்வொண்ணா முடிச்சு இந்தப் பக்கம் வை.’

மற்றொரு பெண்ணாக இருந்தால் ‘அக்கா, தோள் பூரா முடிச்சிட்டேன், சாயங்காலம் பாருங்க’ என்று சிரித்து மழுப்பியிருப்பார். அந்தக் கேள்விக்குள் இருந்த உண்மையான கேள்வி ‘வேலை நடக்குதா?’ என்பதுதான் என்று நம் பெண்ணுக்குப் பிடிபடவில்லை. முறையை மாற்றுகிறார். தோள், கை, பக்கம், மடிப்பு, மறுபடி தோள். ஒவ்வொரு மாற்றத்திலும் கை ஒரு கணம் நின்று யோசிக்கிறது. இருபது நிமிடத்தில் அக்கா திரும்ப வருகிறார். வரப்போகிறார் என்பதே இப்போது ஒரு தனி வேலை. செருப்புச் சத்தத்தைக் காது தேடிக்கொண்டே இருக்கிறது. மூன்றாம் முறை ஊசி விரலுக்குப் பக்கத்தில் போகிறது. மாலையில் கட்டில் பாதி மீதி. பீஸ் ரேட்டில் வேலை என்பதால் கூலியிலும் அதே கணக்கு விழும். வீட்டுக்குப் போனவர் விளக்கைப் போடாமல் குளியலறைக்குள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அம்மா கதவைத் தட்டுகிறார்: ‘உள்ள என்னடி பண்ற?’ அதுவும் ஒரு மேற்பார்வைதான்.

என்ன நடந்தது?

முதலாவது, கவனம். டைனா முர்ரேயும் சகாக்களும் 2005இல் ‘ஒற்றைத்தடக் கவனம்’ என்று கூறத்தக்க ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவரின் கவனம் பல ஓடைகளாகப் பிரிவதில்லை; ஒரே ஓடையில் ஆழமாகப் பாய்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதை விளக்கக் கோட்பாடே தேவையில்லை, பால்கோவா அடுப்பைக் காட்டினால் போதும். பால் சுண்டி வரும்போது கிண்டுகிறவர் வாணலியைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. பதம் வருகிற அந்தச் சில நிமிடத்தில் யாராவது தோளைத் தட்டிக் கணக்குக் கேட்டால் அடி பிடித்துவிடும். அடி பிடித்த கோவாவைத் திரும்பப் பாலாக்க முடியாது. அங்கே யாரும் குறுக்கிட மாட்டார்கள். முதலாளியே ஒதுங்கி நிற்பார். கோவாவுக்குக் கொடுக்கிற மரியாதையைத் தையல்காரப் பெண்ணின் மூளைக்கும் கொடுத்தால் என்ன?

இரண்டாவது, மறைத்தலின் செலவு. பின்னால் ஒருவர் நிற்கும்போது வேலையோடு முகத்தையும் நடத்த வேண்டியிருக்கிறது. கையை உதறிக்கொள்வது, லேசாக முன்னும் பின்னும் ஆடுவது, ஒரு சொல்லை முணுமுணுப்பது ஆகியவை உடல் தன்னைச் சமன்படுத்திக்கொள்ளும் வழிகள். கண் பட்டதும் அவை நின்றுவிடுகின்றன. சமன்படுத்தும் வழியை அடைத்துவிட்டு அழுத்தத்தைக் கூட்டினால் பாத்திரம் என்ன ஆகும் என்பது குக்கர் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

மூன்றாவது, பிடிமானம். ராபர்ட் கராசெக் 1979இல் ஸ்வீடன், அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு சொன்னது: வேலைப்பளு மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை, பளு மிகுந்து, அதை எப்படிச் செய்வது என்ற முடிவு கையில் இல்லாதபோதுதான் சாய்க்கிறது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வு, வேலையில் பிடிமானம் குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுதல் என்று 1997இல் காட்டியது. இவை ஆட்டிசம் பற்றிய ஆய்வுகள் அல்ல, எல்லா மனிதரையும் பற்றியவை. ஆட்டிசம் உள்ளவருக்கோ முறையும் வரிசையும்தான் உலகத்தைத் தாங்கிப் பிடிக்கிற தூண்கள். மற்றவரிடமிருந்து சௌகரியத்தைப் பறிக்கும் குடைச்சல் இவரிடமிருந்து தூணையே பறிக்கிறது.

இப்படி மாதக்கணக்கில் போனால் வருவதை ‘ஆட்டிசச் சோர்வு’ என்று டோரா ரேமேக்கர் குழு 2020இல் விவரித்தது. நெடுநாள் களைப்பு, இருந்த திறமைகளே கழன்று போவது, ஒளியையும் ஒலியையும் தாங்க முடியாமை. நேற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தவருக்கு இன்று கை வராது. ‘நல்லா வேலை பாத்த புள்ள, என்னமோ ஆயிருச்சு’ என்பார்கள். சில வீடுகளில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

5. மில், விடுதி, வீடு

நூற்பாலையின் மேற்பார்வைக்கு நீண்ட பரம்பரை உண்டு. ஆளைச் சேர்ப்பதும் வேலை வாங்குவதும் விடுப்புத் தருவதும் துரத்துவதும் ஒரே மேஸ்திரியின் கையில் இருந்த காலம் இந்திய மில்களில் வெகுநாள் நீடித்தது. 1911இல் பிரடெரிக் டெய்லர், வேலையைத் துண்டு துண்டாக அளந்து, யோசிப்பவர் வேறு செய்பவர் வேறு என்று பிரிக்கச் சொன்னார். மேஸ்திரியின் கண்ணோடு டெய்லரின் கடிகாரமும் சேர்ந்துகொண்டது. இப்போது கதிருக்குக் கதிர் இழை அறுவதை எண்ணும் மின்னணுக் கருவிகள் வந்திருக்கின்றன.

கருவியைக் குறை சொல்வது எளிது. எனக்கு இதில் கொஞ்சம் மாறான எண்ணம். கருவி எல்லோரையும் ஒரே மாதிரி எண்ணுகிறது, முகத்தைச் சுளிப்பதில்லை, நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் சொல்வதில்லை. ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தின் ஓரமாக நடந்து அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே போகும் வேலையும் ஆட்டிசம் உள்ள ஒருவருக்குப் பொருந்தக்கூடியதுதான், சத்தத்தையும் பஞ்சுத் தூசியையும் தாங்க முடிந்தால். அவரைச் சாய்ப்பது பெரும்பாலும் எண் அல்ல. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கும் ஆள்.

ஆணுக்கு இந்தக் கண் ஷிப்ட் முடிந்ததும் விலகும். டீக்கடையில் பேசாமல் அரை மணி நேரம் உட்காரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பெண்ணுக்கு அப்படி விலகுவதில்லை. தமிழ்நாட்டு நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், ஒப்பந்தக் காலம் முடிந்தால் மொத்தத் தொகை என்று சொல்லி இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிய முறை பற்றி நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011இல் அறிக்கை வெளியிட்டன. வெளியே போகத் தடை, போன் பேசக் கட்டுப்பாடு ஆகியவை அதில் பேசப்பட்டன. 2014இல் மகளிர், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. விடுதியில் தங்காத பெண்ணுக்கோ வீடு இருக்கிறது; எங்கே போனாய், ஏன் தாமதம், யாரோடு பேசினாய். மறைத்தலிலிருந்து இறங்கி உட்கார ஒரு திண்ணைகூட இல்லாத இருபத்துநாலு மணி நேரம் அது. குளியலறைக் கதவு ஒன்றுதான் அவருக்கு உள்ளே தாழ்ப்பாள் உள்ள இடம்.

6. மறுப்புகள்

மேற்பார்வை இல்லாமல் ஆலை ஓடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓடாது. பட்டாசு அறையில், சுழலும் பெல்ட்டுக்குப் பக்கத்தில், கண் கொஞ்சமும் விலகக் கூடாது. அங்கே குறுக்கிடுவது உயிர் காக்கும். நான் சொல்வது, தோள் சேர்க்கும் வரிசையிலும் கை பிடிக்கும் விதத்திலும் தலையிடுவதை.

கொஞ்சம் கனமான மறுப்பு ஒன்றும் உண்டு. பிறர் பார்க்கும்போது பழகிய வேலையை மனிதர் வேகமாகச் செய்கிறார்கள் என்று 1965இல் ராபர்ட் சயான்ஸ் எழுதினார். முதலாளிகள் அனுபவத்தில் அறிந்ததும் அதுவே. ஆனால் அதே கட்டுரை, பழகாத வேலை பார்வையின் கீழ் கெடும் என்றும் சொல்கிறது. முறையை மாற்றச் சொல்லும் ஒவ்வொரு முறையும் பழகிய வேலையைப் பழகாத வேலையாக ஆக்குகிறோம். அதாவது, பார்வையால் கிடைத்த லாபத்தை வாயால் தொலைக்கிறோம்.

‘அவங்களுக்குத்தான் பிறர் மனசு புரியாதே, நாங்க சொல்றது எப்படிப் புரியும்?’ என்பது இன்னொன்று. ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டாமியன் மில்டன் 2012இல் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: புரியாமை இரு பக்கத்திலும் இருக்கிறது. ‘ஒண்ணும் முடியலக்கா’ என்ற பதிலைப் புரிந்துகொள்ளத் தவறியது அக்காவும்தான். அந்த அக்காவை வில்லியாக்கவும் நான் தயாரில்லை. அவர் தோளுக்குப் பின்னால் கணக்குக் கேட்டு நிற்பவர் ஒருவர் உண்டு, அவருக்குப் பின்னால் ஏற்றுமதித் தேதி உண்டு.

7. சட்டம்

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்தவை ஏழு குறைபாடுகள். ஆட்டிசம் அதில் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அது பாதுகாவலர், பராமரிப்பு பற்றிய சட்டம். வேலை செய்யும் உரிமையோடு ஆட்டிசம் இடம்பெற்றது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில்தான், 21 குறைபாடுகளில் ஒன்றாக. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடும் அதில் ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவுகளுக்கு 1 சதவீதமும் அதன்படி வந்தன. ஆனால் ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று தேவை. ‘அடக்கமான பிள்ளை’யாக வளர்ந்து மில்லுக்கு வந்தவருக்கு அந்தச் சான்று எங்கே இருக்கும்?

இதே சட்டம் ‘நியாயமான வசதி’ என்ற கருத்தையும் கொண்டுவந்தது. பெரும் செலவோ சுமையோ இல்லாமல் செய்யக்கூடிய மாற்றம் என்று அதற்குப் பொருள். 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 சதவீதச் சான்று இல்லாத மாற்றுத்திறனாளிக்கும் இது உரியது என்று தீர்ப்பளித்தது. நம் தையல் மேசைக்கு அந்த வசதி என்னவாக இருக்கும்? காலையில் ஒருமுறை, எழுத்தில், என்ன வேண்டும் எத்தனை வேண்டும் எப்போது வேண்டும் என்று சொல்வது. எப்படி என்பதை அவர் கைக்கு விடுவது. கணக்குக் கேட்க மதியம், மாலை என்று நேரம் குறிப்பது. சொல்லாமல் பின்னால் வந்து நிற்காமல் முன்பக்கமாக வருவது. காதடைப்பான் அணிய அனுமதிப்பது. காதடைப்பானைத் தவிர எதற்கும் காசு செலவில்லை.

இதெல்லாம் நம் ஊரில் நடக்குமா என்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே ஆக வேண்டும் என்பது இங்கே எழுதாத விதியாக இருந்தது. 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று அரசு எழுதிவைத்தது. உட்காருவது உரிமையாக முடியுமென்றால், குடைச்சல் இல்லாமல் வேலை செய்வதும் உரிமையாக முடியும்.

2016 சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும். தனியார் நிறுவனமும் இதில் அடங்கும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், என்னென்ன வசதி செய்து தரப்படும், யாரிடம் கேட்க வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். அதை இணையதளத்தில் போட வேண்டும். முடியாவிட்டால் வளாகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். இது 2017ஆம் ஆண்டு விதி. நீங்கள் மில்லிலோ தையல் யூனிட்டிலோ வேலை பார்ப்பவரானால், நாளைக் காலை பஞ்ச் அடித்துவிட்டு உள்ளே போகுமுன் நோட்டீஸ் போர்டை ஒருமுறை பாருங்கள். அந்தத் தாள் அங்கே இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.